மழைக்கும் ஆற்றுக்கும் நடுவே: மெல்பர்னின் காடுகளும் ஓடைகளும்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் குடிக்கும் நீரின் பெரும்பகுதி நகரின் கிழக்கிலும் வடகிழக்கிலும் உள்ள மலைக்காடுகளில் பிறக்கிறது. ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான அந்தக் காடுகளுக்குள் பொதுமக்கள் நுழைய அனுமதி இல்லை. வீடு, வயல், மேய்ச்சல் எதுவும் அங்கே கிடையாது. அங்கிருந்து வரும் நீர் நீர்த்தேக்கங்களில் நெடுநாள் தங்கித் தெளிகிறது. பிறகு குளோரினும் ஃபுளோரைடும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்தால் போதும். அதன் பெரும்பகுதி வடிகட்டும் ஆலை எதையும் காணாமலே வீட்டுக் குழாய்க்கு வந்துவிடுகிறது.

அதே மலைகளிலிருந்து இறங்கும் யாரா ஆறு நகரைக் கடந்து போர்ட் பிலிப் விரிகுடாவில் கலக்கிறது. வழியில் மெர்ரி, மூனி பாண்ட்ஸ், கார்டினர்ஸ் போன்ற ஓடைகள் அதில் சேர்கின்றன. பலத்த மழை பெய்தால் அடுத்த ஓரிரு நாளுக்கு ஆற்றிலும் விரிகுடாவின் கடற்கரைகளிலும் குளிக்க வேண்டாம் என்று சுற்றுச்சூழல் துறை எச்சரிக்கிறது. மலையில் மழை பெய்தால் நகரம் மகிழ்கிறது. நகரத்தில் மழை பெய்தால் ஆறு கெடுகிறது.

இரண்டு இடத்திலும் பெய்வது ஒரே மழை. அணைகளையும் பெரிய ஓடைகளையும் நிர்வகிப்பதும் ‘மெல்பர்ன் வாட்டர்’ என்ற ஒரே அரசு நிறுவனம். இருந்தும் நீரின் கதி இரண்டாகப் பிரிகிறது. மழை விழும் இடத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே இருக்கும் நிலம்தான் நீரின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்ற உண்மையை இந்த நகரம் மலையில் கடைப்பிடித்தது, சமவெளியில் மறந்தது. அந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படித்தால்தான், பெருநகரங்களின் நீர்நிலைகளை மீட்பது எங்கே தொடங்க வேண்டும் என்பது புலப்படும்.

கதவடைத்த காடு

1835இல் ஐரோப்பியக் குடியேற்றம் தொடங்கியபோது மக்கள் யாரா ஆற்றிலிருந்தே நேரடியாக நீர் எடுத்தார்கள். 1851இல் மெல்பர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் மக்கள்தொகை சில ஆண்டுகளில் பலமடங்கு பெருகியது. தோல் பதனிடுவோரும் கம்பளி அலசுவோரும் இறைச்சிக் கூடங்களும் ஆற்றங்கரையில் இடம்பிடித்தனர். குடிநீர் எடுத்த ஆற்றிலேயே கழிவும் விழுந்தது.

இதற்கு மாற்றாக 1857 டிசம்பர் 31 அன்று யான் யீன் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அதைத் திட்டமிட்டவர் ஜேம்ஸ் பிளாக்பர்ன். இங்கிலாந்தில் போலி ஆவணக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். பொறியாளராக மறுவாழ்வு பெற்றவர். நீர்த்தேக்கம் முடிவதற்கு முன்பே, 1854இல் டைபாய்டு கண்டு இறந்தார். யான் யீனின் நீர்வரத்துப் பகுதியில் பண்ணைகளும் ஊர்களும் இருந்தன. அவற்றின் கழிவு நீர்த்தேக்கத்துக்குள் வருவதாக நெடுங்காலம் புகார் எழுந்தது. அதனால் 1880களில் வாலபி ஓடை போன்ற மனித நடமாட்டமற்ற மலை ஓடைகளின் நீரைக் கால்வாய் வெட்டித் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

யான் யீன் தந்த பாடம் அடுத்த திட்டத்தில் கொள்கையாக மாறியது. ஹீல்ஸ்வில் அருகே வாட்ஸ் ஆற்றின் நீரை நகருக்குக் கொண்டுவரும் மரூண்டா கால்வாய் 1891இல் நிறைவடைந்தது. அதன் மேற்பகுதியில், பிளாக் ஸ்பர் மலைப்பாதையில் ஃபெர்ன்ஷா என்ற சிற்றூர் இருந்தது. பயணிகள் தங்கும் விடுதிகள் கொண்ட ஊர். நீர்வரத்தில் மனிதக் கழிவு கலக்கக் கூடாது என்பதற்காக அரசு நிலங்களை விலைக்கு வாங்கியது, கட்டடங்கள் அகற்றப்பட்டன, ஊர் இல்லாமல் போனது. அதே 1891இல் உருவான மெல்பர்ன் பெருநகரப் பணிகள் வாரியம் குடிநீரையும் கழிவுநீரையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டது. நீர்ப்பிடிப்புக் காட்டில் குடியிருப்பு, விவசாயம், மரம் வெட்டுதல் மூன்றும் கூடாது என்ற நிலைப்பாட்டை, மரத்தொழிலின் அழுத்தத்துக்கு நடுவிலும் அது பல பத்தாண்டுகள் விடாமல் காத்தது. ஓஷானஸி, மேல் யாரா என அடுத்தடுத்து வந்த அணைகளின் காடுகளும் இப்படியே மூடப்பட்டன.

இந்தச் சாதனைக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. யாரா ஆற்றை பிர்ராருங் என்று அழைத்து அதன் கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் வுருண்ட்ஜெரி வோய்வுருங் மக்கள். நிலத்தை இழந்த அவர்களும் பிற பழங்குடியினரும் 1863இல் ஹீல்ஸ்வில் பகுதியில் கொராண்டெர்க் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். ஹாப்ஸ் பயிரிட்டு உழைத்து முன்னேறிய அந்த ஊரைக் காக்க, வுருண்ட்ஜெரி மூத்தவர் வில்லியம் பராக் தலைமையில் நகரத்துக்கு நடந்துவந்து அரசிடம் முறையிட்டார்கள். 1924இல் அது மூடப்பட்டது. மலைக்காடுகள் எல்லோருக்குமாகப் பூட்டப்பட்டபோது, அவற்றின் பூர்வகுடிகளும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். காட்டைக் காப்பது நல்ல கொள்கை என்பதால் இந்த அநீதி சிறிதாகிவிடாது.

மரத்தின் வயதும் ஓடையின் நீரும்

மெல்பர்னின் நீர்ப்பிடிப்புக் காடுகளில் முதன்மையானது மவுண்டன் ஆஷ் எனப்படும் யூகலிப்டஸ் ரெக்னன்ஸ். பூக்கும் தாவரங்களில் உலகிலேயே மிக உயரமான இனங்களில் ஒன்று இது. 80, 90 மீட்டர் வளர்ந்த மரங்கள் இந்த மலைகளில் இருந்திருக்கின்றன. இந்தக் காட்டுக்குத் தீயோடு விசித்திரமான உறவு உண்டு. கடுந்தீயில் பெரிய மரங்கள் மடிகின்றன. மடியும்போது உச்சியிலுள்ள காய்களிலிருந்து விதைகளைக் கொட்டுகின்றன. சாம்பலில் நாற்றங்கால்போல நெருக்கமாகப் புதுக்காடு முளைக்கிறது.

1939 ஜனவரி 13 அன்று மூண்ட ‘கறுப்பு வெள்ளி’ தீயில் 71 பேர் இறந்தார்கள். நீர்ப்பிடிப்புக் காடுகளில் பெரும் பரப்பு எரிந்தது. காடு மீண்டும் தழைத்தது. ஆனால் அடுத்த பத்தாண்டுகளில், மழை குறையாமலேயே ஓடைகளில் நீர் குறைந்தது. வாரியத்தின் நீரியலாளர்கள் பல ஆண்டுப் பதிவுகளை வைத்து இந்தப் புதிரை ஆராய்ந்தார்கள். 1980களில் ஜார்ஜ் குசேரா அதை ஒரு வளைகோடாக வரைந்தார். முதிர்ந்த ஆஷ் காடு எரிந்து அங்கே இளங்காடு எழும்போது, ஓடைக்கு வரும் நீர் ஆண்டுக்காண்டு குறைந்து, மரங்களுக்கு 25 முதல் 30 வயதாகும்போது ஏறத்தாழப் பாதியாகிறது. பழைய அளவை எட்ட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகும்.

காரணம் மரங்களின் உடலிலேயே இருக்கிறது. நெருக்கமாக வளரும் இளமரங்களில், ஒரு ஹெக்டேருக்கு நீரைக் கடத்தும் மென்கட்டையின் பரப்பும் இலைப் பரப்பும் அதிகம். அவை மண்ணிலிருந்து உறிஞ்சி இலைவழியே ஆவியாக்கும் நீரும் அதிகம். காடு முதிர முதிர மரங்களின் எண்ணிக்கை குறைகிறது. மீந்த நீர் ஓடைக்குக் கசிகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் இன்னொரு யூகலிப்டஸான புளூகம், ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கு வந்து புல்வெளிகளில் பரவலாக நடப்பட்டது. உதகைக்கு அருகே கிளென்மார்கனில் மண்வளப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இரு சிறு நீர்ப்பிடிப்புகளை 1970களில் ஒப்பிட்டு அளந்தபோது, புளூகம் நடப்பட்டதில் முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது தெரிந்தது. மரம் நட்டால் நீர் பெருகும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த மரம், எந்த வயதில், எந்த நிலத்தில் என்று கேட்க வேண்டும்.

குசேராவின் வளைகோடு மெல்பர்னின் அரசியலுக்குள்ளும் நுழைந்தது. 1980களில் முடிந்த தாம்சன் அணை, நகரின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தன்னிடம் கொண்டது. அதன் கொள்ளளவு 1,06,800 கோடி லிட்டர். அதன் காடு மற்றவற்றைப்போல முழுவதும் மூடப்படவில்லை. மரம் வெட்ட அனுமதி தொடர்ந்தது. வெட்டிய இடத்தில் முளைப்பது இளங்காடு. ஆகவே வெட்டிய மரத்தின் விலையில், இழந்த நீரின் விலையையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்று நீரியலாளர்களும் சூழலியலாளர்களும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். 2024 ஜனவரி 1 முதல் விக்டோரியா அரசு காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவதை நிறுத்தியது.

தீயின் அபாயம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. 173 உயிர்களைப் பறித்த 2009 பிப்ரவரி 7ஆம் நாள் தீயில், 1880களில் நீர் திருப்பப்பட்ட அதே வாலபி ஓடையின் நூற்றாண்டுகள் கண்ட பெருமரங்கள் மடிந்தன. மவுண்டன் ஆஷ் விதை தர 15, 20 ஆண்டுகள் வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் விதை இல்லை. காடே வேறு காடாகிவிடும். 1997 முதல் 2009 வரை நீடித்த பெருவறட்சியில் அணைகளுக்கான நீர்வரத்து பழைய சராசரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. அதன் விளைவாக வொன்தாகியில் ஆண்டுக்கு 15,000 கோடி லிட்டர் தரக்கூடிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2012இல் கட்டி முடிக்கப்பட்டது. காடு இலவசமாகச் செய்துவந்த வேலையின் மதிப்பை நகரம் அப்போது பணமாக எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

ஓடை வடிகாலான கதை

மலையில் இவ்வளவு கவனம் காட்டிய நகரம் தன் காலடியில் என்ன செய்தது? நகர மையத்தின் எலிசபெத் தெருவுக்கு அடியில் முன்பு ஓர் ஓடை ஓடியது. இன்று அது பூமிக்கடியில் ஒரு வடிகால். 1972 பிப்ரவரி 17 அன்று கொட்டிய மழையில் அந்தத் தெருவில் கார்கள் மிதந்த புகைப்படம் ஊரறிந்தது. ஓடையை மூடலாம்; பள்ளத்தை மாற்ற முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் விரிந்தபோது மூனி பாண்ட்ஸ் ஓடையின் நீண்ட பகுதிகள் கான்கிரீட் வாய்க்காலாயின. வெள்ளத்தை விரைவாகக் கடத்த வேண்டும், அதுவே நல்ல பொறியியல் என்பது அன்றைய எண்ணம். சிற்றோடைகள் பலவும் குழாய்க்குள் போயின. விரிகுடாவின் கிழக்கே இருந்த கேரம் கேரம் சதுப்புநிலம் பண்ணைக்காக வடிக்கப்பட்டது. அதன் மிச்சமான எடித்வேல், சீஃபோர்டு சதுப்புகள் 2001இல் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

கழிவுநீர்ப் பிரச்சினை படிப்படியாகத் தீர்ந்தது. 1897இல் முதல் கட்டடம் பாதாளச் சாக்கடையோடு இணைந்தது. போருக்குப் பிந்தைய புறநகர்களில் பல வீடுகள் நெடுங்காலம் செப்டிக் தொட்டியையே நம்பியிருந்தன. 1973இல் பிரதமர் விட்லமின் மத்திய அரசு நிதி ஒதுக்கியபின் அங்கும் இணைப்பு விரைந்தது. 1970இல் வந்த சுற்றுச்சூழல் சட்டம் தொழிற்சாலைகளுக்குக் கடிவாளம் போட்டது. எனவே 1990களில் ஓடைகள் தெளிந்து உயிர் பெற்றிருக்க வேண்டும். தெளிந்தன, ஆனால் உயிர் திரும்பவில்லை.

ஏன் என்ற கேள்வியை கிறிஸ் வால்ஷும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் மெல்பர்னின் கிழக்குப் புறநகர் ஓடைகளில் தேடினார்கள். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற பூச்சிகளின் இளம்புழுக்கள் ஓடையின் நலனைக் காட்டும் குறிகள். அவை எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை என்று பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாயிற்று. நீர் உட்புகாத பரப்பு, அதாவது கூரையும் தார்ச்சாலையும் கான்கிரீட் தளமும், எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு குழாய்வழியே நேராக ஓடையோடு இணைந்திருக்கிறது என்பதே விளைவைத் தீர்மானித்தது. இப்படி இணைந்த பரப்பு நீர்ப்பிடிப்பில் சில சதவீதத்தைத் தாண்டினாலே அந்தப் பூச்சிகள் மறைந்துவிடுகின்றன. அதே அளவு வீடுகள் இருந்தும், கூரைநீர் மண்ணில் விடப்பட்ட இடங்களில் ஓடை மேலான நிலையில் இருந்தது.

இதன் இயக்கம் எளிமையானது. காட்டு மண் சிறுமழையை அப்படியே குடித்துவிடும். அதில் பெரும்பகுதி மரங்கள்வழி வானுக்குத் திரும்புகிறது. மீதி மண்ணுக்குள் இறங்கி, வாரங்கள் மாதங்கள் கழித்து ஓடையில் ஊறுகிறது. மேற்பரப்பில் நீர் ஓடுவது ஆண்டில் சில பெருமழை நாட்களில் மட்டுமே. கூரையிலும் சாலையிலும் ஓரிரு மில்லிமீட்டர் தூறலே நிமிடங்களில் குழாய்க்குள் பாய்ந்துவிடுகிறது. ஆண்டுக்குச் சில முறை மட்டும் வெள்ளம் கண்ட ஓடை, இப்போது ஒவ்வொரு தூறலிலும் அடி வாங்குகிறது. படுகையின் கூழாங்கல்லும் மட்கிய மரத்துண்டும் அடித்துச் செல்லப்படுகின்றன, கரை அரிக்கிறது. கூரைத் தகட்டின் துத்தநாகம், பிரேக் தேய்மானத்தின் செம்பு, நாய்க்கழிவு, சூடேறிய தாரின் வெப்பம் எல்லாம் கூடவே வருகின்றன. மண் நிரம்பாததால் கோடையில் ஓடை வற்றுகிறது. வெள்ளம் மிகுவதும் வறட்சி மிகுவதும் ஒரே காரணத்தால்.

பிளாட்டிபஸுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. ஓடையின் அடியைத் துழாவிப் பூச்சிப் புழுக்களைத் தின்று வாழும் விலங்கு அது. படுகை காலியானால் அதற்கு உணவில்லை. 2021 ஜனவரியில் விக்டோரியா அரசு பிளாட்டிபஸை அழிவபாயத்துக்கு உள்ளாகும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

வாலில் வைத்தியம், தலையில் வைத்தியம்

மெல்பர்ன் சும்மா இருந்துவிடவில்லை. விரிகுடா பற்றி ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ நடத்திய பேராய்வு 1996இல் முடிந்தது. கடலுக்குள் வரும் நைட்ரஜனை ஆண்டுக்கு 1,000 டன் குறைக்க வேண்டும் என்றது அது. அதையொட்டி 1999இல் மழைவடிநீருக்கான இலக்குகள் வகுக்கப்பட்டன: மிதக்கும் மண்துகளில் 80 சதவீதமும், பாஸ்பரஸிலும் நைட்ரஜனிலும் 45 சதவீதமும் பிடிக்கப்பட வேண்டும். வடிகால்களின் முடிவில் நாணல் நட்ட செயற்கைச் சதுப்புகள் வந்தன. தெருவோரங்களில், மழைநீரை மணலும் செடியும் கொண்ட பாத்தியில் இறக்கி வடிகட்டும் மழைத்தோட்டங்கள் வந்தன. உலகின் பல நகரங்கள் இதைப் பார்த்துக் கற்றன.

ஆனால் அந்த இலக்குகள் கடலை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. நீர்ப்பிடிப்பின் கடைசியில் ஒரு பெரிய சதுப்பு அமைத்தால் விரிகுடாவுக்குப் பலன் உண்டு. அந்தச் சதுப்புக்கு மேலே உள்ள ஓடை எப்போதும்போல் அடிபட்டுக்கொண்டே இருக்கும். அழுக்கைப் பிடித்தோம்; நீரின் அளவையும் வேகத்தையும் தொடவில்லை.

இதற்கு மாற்றாக வால்ஷ், டிம் ஃபிளெச்சர் முதலியோர் மவுண்ட் ஈவ்லினில் உள்ள லிட்டில் ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையில் ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். ஓடையைத் தொடாமல், அதன் நீர்ப்பிடிப்பு முழுவதும் கூரைகளையும் தெருக்களையும் திருத்துவது என்று முடிவெடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் எவ்வளவு உதவித்தொகைக்கு மழைநீர்த் தொட்டியோ மழைத்தோட்டமோ அமைக்கச் சம்மதிப்பார்கள் என்று ஏலமுறையில் கேட்டார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளிலும் பொது இடங்களிலும் இவை அமைந்தன. பல ஆண்டு அளவீட்டின் முடிவில் ஓடைநீரின் தரம் மேம்பட்டது உறுதியாயிற்று. உயிரினங்கள் முழுவதும் திரும்ப, இன்னும் அதிகமான கூரைகள் குழாயிலிருந்து விடுபட வேண்டும்.

இந்தச் சோதனையிலிருந்து கிடைத்த நடைமுறை அறிவு பெரிது. நிரம்பிய தொட்டி அடுத்த மழையில் பயன்படாது. தோட்டத்துக்கு மட்டும் பாய்ச்சினால் குளிர்காலம் முழுவதும் தொட்டி நிரம்பியே நிற்கும். கழிப்பறைக்கும் சலவை இயந்திரத்துக்கும் இணைத்தால் நாள்தோறும் இடம் காலியாகும். காட்டில் மரங்கள் உறிஞ்சி ஆவியாக்கிய பங்கை நகரத்தில் வீடுகள் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். எஞ்சிய சிறு பங்கை மண்ணுக்குள் மெல்ல விட வேண்டும். மெல்பர்னின் கூரைகளிலும் சாலைகளிலும் வழிந்தோடும் மழைநீர், நகரம் ஆண்டுதோறும் பயன்படுத்தும் நீருக்கு ஏறத்தாழ நிகர் என்று மதிப்பிடப்படுகிறது. ஓடையைக் கொல்லும் அதே நீர்தான் அணையின் சுமையைக் குறைக்கக்கூடியது. பெல்கிரேவ் பகுதியின் மான்பல்க் ஓடையில் இந்த எண்ணம் ஒரு படி மேலே போயிருக்கிறது. பிளாட்டிபஸ் வாழும் அந்த ஓடைக்காக, வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, மழைக்கு முன்பே தொட்டிகளைக் காலிசெய்து, வறண்ட நாட்களில் ஓடைக்கு மெல்ல நீர்விடும் தானியங்கித் தொட்டிகளை இணைத்து வருகிறார்கள்.

கரையின் காடு

ஓடைக்கரைகளிலும் குன்றுகளிலும் நகருக்குள் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காட்டுத்துண்டுகளை வேறு துறையின் வேலையாக, பூங்கா வேலையாகப் பார்ப்பது வழக்கம். களைதான் அங்கே பெரும் பகை: டிரேடெஸ்கான்ஷியா, ஐவி, பிளாக்பெரி, கரையை உறுதிப்படுத்த ஒரு காலத்தில் நடப்பட்ட வில்லோ. பிடுங்கினால் ஓரிரு ஆண்டில் திரும்ப வருகின்றன.

ஏன் திரும்ப வருகின்றன? ஆஸ்திரேலியாவின் பழம்பெரும் மண் பாஸ்பரஸில் மிக வறியது. அங்குள்ள செடிகள் அந்த வறுமைக்கே பழகியவை. மேட்டிலுள்ள வீடுகளின் வடிகால் குழாய் காட்டுத்துண்டின் விளிம்பில் வந்து திறக்கும்போது, ஈரமும் உரச்சத்தும் ஓயாமல் கொட்டுகின்றன. அதில் வெளியூர்க் களை கொழிக்கிறது. மண்ணின் செடி தோற்கிறது. குழாயைத் திருத்தாமல் களையை மட்டும் பிடுங்குகிறவர் ஆண்டுதோறும் அதே இடத்தில் குனிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். காட்டுப் பராமரிப்பும் வடிகால் பராமரிப்பும் ஒரே வேலை என்பது இங்கே கண்கூடு.

எப்படிக் களையெடுப்பது என்பதற்கும் ஆஸ்திரேலியாவில் ஒரு மரபு உண்டு. 1960களில் சிட்னியின் மோஸ்மன் பகுதியில் ஜோன் பிராட்லி, ஐலின் பிராட்லி என்ற சகோதரிகள் தங்கள் வீட்டருகே இருந்த காட்டைக் கவனித்து ஒரு முறையைக் கண்டறிந்தார்கள். களை மிகுந்த இடத்தில் முதலில் கைவைக்காதே; நல்ல நிலையில் உள்ள காட்டிலிருந்து தொடங்கி வெளிநோக்கிப் போ. மண்ணை இயன்றவரை கிளறாதே. மண்ணின் செடிகள் முளைத்து இடத்தைப் பிடிக்கும் வேகத்துக்குமேல் களையை அகற்றாதே. மூன்றும் பொறுமையைக் கேட்பவை. இயந்திரம் கொண்டு ஒரே நாளில் வெட்டவெளியாக்கினால் அடுத்த பருவத்தில் களைதான் முதலில் முளைக்கும். இந்த முறை நாடெங்கும் தன்னார்வலர்களின் அடிப்படைப் பாடமாயிற்று.

சிறிய துண்டுகளுக்கும் பெரிய மதிப்பு உண்டு. யாராவின் நீர்ப்பிடிப்பில் உள்ள எல்தம் புறநகரில், அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு செப்புநிற வண்ணத்துப்பூச்சி, வீட்டுமனைக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் 1986இல் மீண்டும் காணப்பட்டது. அதன் புழு பர்சாரியா என்ற முட்செடியின் அடியிலுள்ள எறும்புப் புற்றில் பகலைக் கழித்து, இரவில் எறும்புகளின் காவலோடு ஏறி இலை தின்கிறது. செடி, எறும்பு, பூச்சி மூன்றில் ஒன்று போனாலும் மற்றவை நிலைக்காது. மக்கள் நிதி திரட்டி, அரசும் கைகொடுத்து, அந்த நிலம் மீட்கப்பட்டது. கல்குவாரியாகவும் குப்பைமேடாகவும் கிடந்த மெர்ரி ஓடைக் கரையை ஊர்மக்கள் குழுக்களும் உள்ளாட்சிகளும் சேர்ந்து உருவாக்கிய மேலாண்மைக் குழு 1989 முதல் மீட்டுவருகிறது. ஹீத்மான்டில் குழாய்க்குள் அடைபட்டிருந்த டான்டினாங் ஓடையின் ஒரு பகுதியை மீண்டும் திறந்தவெளிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வுருண்ட்ஜெரி மக்களின் நர்ரப் குழுவினர் தங்கள் முன்னோர் வழியில் குளிர்ந்த சிறுதீ மூட்டிப் புல்வெளிகளைப் பேணுகிறார்கள். ஆற்றின் வெள்ளம் வராமல் வறண்ட பொலின் பொலின் என்ற பழைய நீர்த்தேங்கலுக்கு இப்போது நீர் இறைத்து விடப்படுகிறது. அதிலும் அவர்களின் குரல் உண்டு.

யார் பொறுப்பு

இவ்வளவு அறிவும் உழைப்பும் இருந்தும் பெரும்பாலான நகர ஓடைகள் தேறாததற்கு நிர்வாகப் பிரிவினை ஒரு முக்கியக் காரணம். மெல்பர்னில் 60 ஹெக்டேருக்கு மேற்பட்ட நீர்ப்பிடிப்பின் வடிகால்கள் மெல்பர்ன் வாட்டரின் பொறுப்பு. அதற்குக் கீழ்ப்பட்டவை உள்ளாட்சிகளுடையவை. கூரையிலிருந்து தெரு வரை உள்ளது வீட்டுக்காரருடையது. வால்ஷின் ஆய்வு சுட்டிய நோய் தொடங்குவது கூரையிலும் சிறு குழாயிலும். பணமும் பொறியாளர்களும் இருப்பது பெரிய வாய்க்காலில். வீட்டு நீர்க்கட்டணத்தோடு வசூலாகும் நீர்வழி, வடிகால் கட்டணம் போதிய அளவில் மேட்டுக்கு ஏறாமல் பள்ளத்திலேயே செலவாகிறது.

2017இல் விக்டோரியா நாடாளுமன்றம் இயற்றிய யாரா ஆற்றுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு திருப்புமுனை. விலிப்-ஜின் பிர்ராருங் முர்ரான் என்று வோய்வுருங் மொழியிலும் பெயர் சூட்டப்பட்ட அந்தச் சட்டம், ஆற்றையும் அதன் கரை நிலங்களையும் உயிருள்ள ஒரே முழுமையாக ஏற்கிறது. ஆற்றின் சார்பில் பேச பிர்ராருங் பேரவையை அமைத்து, அதில் வுருண்ட்ஜெரி மக்களுக்கு இடம் உறுதிசெய்கிறது. 2018இல் வந்த நீர்வழி நலத் திட்டம், அழுக்கைப் பிடிப்பதோடு நிற்காமல், எவ்வளவு மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்த வேண்டும், எவ்வளவு மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்றும் இலக்கு வைத்தது. சிந்தனை சரியான இடத்துக்கு வந்துவிட்டது. சட்டத்தின் பார்வையும் திட்டத்தின் இலக்கும் கட்டட விதிக்குள் இறங்க வேண்டும் என்பதே இன்றைய தேவை.

வடக்கிலும் மேற்கிலும் நகரம் வேகமாக விரிந்துகொண்டிருக்கிறது. அங்கே மெர்ரி ஓடை, ஜாக்சன்ஸ் ஓடை முதலியவற்றின் தலைப்பகுதிகள் இன்னும் மண்ணில் ஓடுகின்றன. ஏற்கெனவே கட்டிய புறநகரில் ஒவ்வொரு கூரையையும் குழாயிலிருந்து பிரிக்க எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம், எத்தனை பேரின் இசைவு வேண்டும் என்பதை லிட்டில் ஸ்ட்ரிங்கிபார்க் காட்டியது. புதிதாக எழும் வீட்டில் தொட்டியைக் கழிப்பறையோடு இணைப்பதும், தெருவோரத்தில் நீர் இறங்க இடம் விடுவதும் அத்தோடு ஒப்பிட்டால் சிறுசெலவு. அங்கே சிற்றோடையை ஒருமுறை குழாய்க்குள் புதைத்துவிட்டால், அடுத்த தலைமுறை அதைத் தோண்டியெடுக்கப் பாடுபட வேண்டியிருக்கும்.

1880களில் ஃபெர்ன்ஷாவை விலைக்கு வாங்கிய நிர்வாகிகள், அழுக்கு கலந்தபின் வடிகட்டுவதைவிட, கலக்காத நிலத்தைக் காப்பது மேல் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவின் பலனை நகரம் 130 ஆண்டுகளாகக் குடித்துவருகிறது. அதே முடிவை மக்கள் வாழும் இடத்திலும் எடுக்க முடியும். அதற்கு யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை. மழை எங்கே விழுகிறதோ அங்கேயே அதைப் பிடித்துப் பயன்படுத்தி, மண்ணுக்கு உரிய பங்கை மண்ணுக்குத் தர வேண்டும். புதிய புறநகர்களில் குழாய் பதிக்கும் முன் இந்த விதி கட்டாயமாக வேண்டும். பழைய புறநகர்களில் நீர்வழிக் கட்டணத்தின் கணிசமான பங்கு கூரைகளுக்கும் சிறு குழாய்களுக்கும் போக வேண்டும். காட்டுத்துண்டுக்கும் அதன் மேட்டிலுள்ள வடிகாலுக்கும் ஒரே திட்டமும் ஒரே பொறுப்பாளரும் வேண்டும். இம்மூன்றும் நடந்தால் மெல்பர்னின் ஓடைகளுக்கு உயிர் திரும்பும். நடக்காவிட்டால், எத்தனை கரைகளில் எத்தனை ஆயிரம் செடி நட்டாலும் அடுத்த மழை அவற்றை அரித்துக்கொண்டுதான் போகும்.